சிட்டுவுக்கு ஓய்வு

"அம்மா, இன்னிக்கு நான் நீச்சலுக்குப் போகல. இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே எதுக்குமே என்னால போக முடியாது."

சொல்லிவிட்டாள் சிட்டு. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த பேச்சு அது.

வீட்டில் செல்லமாக வைத்த பெயர்தான் சிட்டு. பதினாறு வயசு. பெயருக்கேற்ற மாதிரி பறந்துகொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டால் நீச்சல், நீச்சல் விட்டால் கணக்கு டியூஷன், அது விட்டால் கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று பேர்தான், அன்றைக்கு செஸ் போட்டி இருக்கும்.

நீச்சல் பைக்குள் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. கார் சாவியோடு வாசலில் நின்ற அப்பா திரும்பி உள்ளே வந்தார். இப்போது வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கப்போகிறார் என்று சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன பண்ணுது கண்ணு? சொல்லு."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"தூக்கமே வரலப்பா. வந்தாலும் கனவுல யாரோ விசில் ஊதுறாங்க. கீபோர்டு முன்னாடி உக்காந்தா, விரல் என்னோடதே இல்லாத மாதிரி இருக்கு. சுவத்துல இருக்கிற மெடலைப் பார்த்தா, இதெல்லாம் நான்தான் வாங்கினேனான்னு சந்தேகமா இருக்கு. பாதி ஞாபகத்துலயே இல்ல."

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வரைக்கும் வந்துடுச்சா?" என்றாள் அம்மா மெல்ல.

"இந்தத் தடவை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு நினைச்சேன்," என்றார் அப்பா.

சிட்டு, தன் பொறுமையைத்தான் அப்பா சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் திட்ட மாட்டீங்களா?"

"எதுக்குத் திட்டணும்? உள்ளுக்குள்ளயே போட்டுப் புழுங்காம வாயைத் திறந்து சொன்னியே, அதுவே பெரிசு." அம்மா அவள் தலையைக் கோதினாள். "இனிமே உனக்கு ஒரு கிளாஸும் கிடையாது. போதுமா?"

"கணக்கு?"

"கிடையாது."

"செஸ்?"

"அதுவும்தான்."

"அப்போ பள்ளிக்கூடம்?" என்று சிட்டு குறும்பாகக் கேட்டாள்.

"அதுவும்தான்," என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை.

இருந்த சந்தோஷத்தில் சிட்டுவுக்கு அது உறைக்கவில்லை. இவ்வளவு நல்ல அப்பா அம்மாவுக்கா இப்படிப் பயந்து செத்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"மாடி ரூம்ல போய்ப் படுத்துக்கோ. அங்க யாரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க," என்று அம்மா அலமாரியிலிருந்து சாவியை எடுத்தாள்.

மாடி அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். பழைய சாமான் அடைத்திருக்கிறது, தூசி உனக்கு ஒத்துக்காது என்பார்கள். ஆனால் உள்ளே தூசி வாடையே இல்லை. ஜன்னலில் கனத்த திரை தொங்கியது. இருட்டில் தடவித்தான் அகலமான கட்டிலின் ஓரத்துக்குப் போகவேண்டியிருந்தது. அம்மா போர்த்திவிட்டாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள், கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

அப்பாடா என்று சிட்டு கண்ணை மூடினாள்.

"சிட்டு! நீச்சலுக்கு நேரமாச்சு, கிளம்பு!" கீழேயிருந்து அப்பாவின் குரல்.

பழக்க தோஷம், தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கீழே ஒரு குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"இதோ வந்துட்டேன்பா!"

அச்சு அசல் அவள் குரல். களைப்பு மட்டும் துளியும் இல்லை.

வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சிட்டு ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். வெளியே பூட்டியிருந்தது. "அம்மா! அம்மா!" என்று படபடவென்று தட்டினாள்.

"தட்டாதே. கைதான் வலிக்கும்."

குரல் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து வந்தது. திரையின் ஓரம் கசிந்த வெளிச்சத்தில் ஒருத்தி முழங்கையை ஊன்றி எழுந்தாள். சிட்டுவின் முகமேதான், வெளிறிப்போயிருந்தது.

"நீ... நீ யாரு?"

"நானும் முடியலன்னு சொன்னவதான். அப்பவும் இப்படித்தான் அன்பா கேட்டுக்கிட்டாங்க," என்றபடி அவள் சுவரோரமாகத் தள்ளிப் படுத்து இடம் விட்டாள். "அன்னிக்குக் கீழேயிருந்து 'இதோ வந்துட்டேன்பா'ன்னு குரல் கொடுத்தது நீதான்."