காபி மெஷினுக்குப் பக்கத்து மேசை

மூலையில் அமைதியான மேசை ஒன்று காலியாக இருந்தது. புரொபசர் ஹெதர் டிரம்மண்ட் அதைத் தாண்டிப் போய், காபி மெஷினை ஒட்டியிருந்த மேசையில் உட்கார்ந்தார்.

லீசல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

ஒரு பக்கம் கொட்டை அரைக்கும் இரைச்சல். இன்னொரு பக்கம் சன்னலுக்கு வெளியே டிராம். மெல்பர்னில் சனிக்கிழமை காலையில் எழுந்தவர்கள் அத்தனை பேரும் இந்த ஒரே கடைக்குள் வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே எதைப் பேசுவது, எதைக் கேட்பது?

இன்று இந்தப் பெண்மணி சரி என்றால் லீசல் ஆஸ்திரேலியாவில் இருப்பாள். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிலிப்பைன்ஸுக்கே திரும்ப வேண்டியதுதான். அவள் கேட்டிருக்கும் விசாவுக்குப் பட்டமும் சம்பளச் சீட்டும் போதாது. அதே துறையில் நாடறிந்த ஒருவர், 'இவள் இங்கே வேண்டும்' என்று பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒலியைக் கணினியில் பிரித்தெடுக்கும் துறையில் டிரம்மண்டை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் தலைக்கனம் பிடித்தவர் என்று எல்லாரும் சொன்னார்கள். மேடையில் பேசி முடித்ததும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் இறங்கிவிடுவாராம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாராம். போனை எடுக்கவே மாட்டாராம்.

வெறுங்கையோடு போகக் கூடாதென்று, அம்மா அனுப்பிய உலர்ந்த மாம்பழப் பொட்டலம் ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தாள். லஞ்சம் என்று நினைத்துவிடுவாரோ என்று அதை வெளியே எடுக்கவில்லை.

பேச ஆரம்பித்தாள்.

காது கேளாதவர்கள் அணியும் கருவிக்குள் ஓடும் மென்பொருள் அவள் எழுதியது. கூட்டத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து மண்டைக்குள் கொட்டும்போது, அரிசியில் கல் பொறுக்குவதுபோல இரைச்சலைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மனிதக் குரலை மட்டும் அது தர வேண்டும். இப்போது சிலர் அதை அணிந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். யார் யார் என்பதை எழுதியவளுக்குச் சொல்லக் கூடாது என்பது சோதனையின் விதி. அவளைப் பொறுத்தவரை அவர்கள் வெறும் எண்கள்.

கருவிகள் அனுப்பிய பதிவுகளின்படி, எல்லா எண்களும் சந்தைக்குப் போயின, கல்யாணத்துக்குப் போயின. பதினோராம் எண் மட்டும் சத்தமுள்ள இடத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. அவ்வளவு மட்டமா என் வேலை என்று லீசல் அதை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டிருந்தாள். அதைப் புரொபசரிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

புரொபசர் முதலில் வைத்த கண் வாங்காமல் அவள் வாயையே பார்த்தார். உதட்டில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று லீசல் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு கண்ணையும் மூடிக்கொண்டார். உள்ளே வந்து இவ்வளவு நேரமாகியும் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவர் போல இருந்தார்.

லீசல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, காபி எடுத்துவருகிறேன் என்று எழுந்தாள்.

"என்ன லீசல், மூஞ்சி தொங்குது? அது யாரு, உன் மாமியாரா?" என்றான் கடைக்காரன் கோஸ்டா. மெஷின் நீராவியைச் சீறிக்கொண்டிருந்தது. அவன் வாயைப் பார்த்துத்தான் அவளுக்கே பாதி புரிந்தது.

"நீ வேற, சும்மா இரு. நான் பேசுறது எதுவும் அவங்க காதுல ஏறவே இல்ல" என்று முணுமுணுத்தாள்.

"ஏறுது" என்றார் புரொபசர்.

முதுகைக் காட்டியபடியே, கண்ணைத் திறக்காமல்.

"நான் யாருக்கும் மாமியார் இல்லன்னு அந்தத் தம்பிகிட்டயும் சொல்லிடு."

கோஸ்டா கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

லீசல் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த இரைச்சலில், பின்னாலிருந்து, அந்த முணுமுணுப்பா? நல்ல காதுக்கே எட்டாதே. ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை அவளுக்குத் தண்ணி காட்டியது, இப்படிப் பின்னாலிருந்து வரும் தாழ்ந்த குரல்தான்.

புரொபசர் தொப்பியைக் கழற்றினார்.

நரைத்த முடிக்கு நடுவே, காதுக்கு மேலே, கடுகளவு பச்சை விளக்கு ஒன்று மினுக்கியது. எத்தனை நொடிக்கு ஒரு தடவை மினுக்க வேண்டும் என்று எழுதியவளும் லீசல்தான்.

"வருஷக்கணக்கா எல்லார் வாயையும் பாத்துப் பாத்தே காலத்தை ஓட்டிட்டேன். கூட்டம்னா பயம். இன்னைக்குப் பாக்காம கேட்டுப் பாத்துடலாம்னுதான் இங்க வந்து உக்காந்தேன்" என்றார் புரொபசர். "உன்னோட பதினோராம் எண் நான்தாம்மா."

லீசல் திரும்பி வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். திரையில் வளைந்து நெளியும் கோடுகளாக மட்டுமே அவள் பார்த்திருந்த ஒன்று, இதோ கண்ணெதிரே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி மேசையில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். புரொபசரின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. அந்தச் சிரிப்பு முடியும்வரை அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே டிராம் மணியடித்துக்கொண்டு போனது. புரொபசர் முகத்தைச் சுளித்தார்.

"அந்த மணி மட்டும் மண்டையைப் பொளக்குது. அதைச் சரிபண்ணாம நீ எங்கயும் போகக் கூடாது. கையெழுத்து எங்க போடணும்?"