பச்சை அட்டை

ஓர் ஆலையின் எரிவாயுக் குழாயில் ஒரு வால்வு இருந்தது. அதன் வாஷர் தேய்ந்துபோய் வெகுகாலம் ஆயிற்று. இரவும் பகலும் அதன் கழுத்து வழியாக மீத்தேன் கசிந்துகொண்டே இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை கசிவை அளக்க மீட்டர் வரும். அது வருகிற அன்றைக்கு மட்டும் ஆலைக்காரர்கள் குழாயை அடைத்துவிட்டு, வால்வைத் துடைத்துப் புதுப் பெயின்ட் அடித்து வைப்பார்கள்.

இந்த வருஷமும் அப்படித்தான். மீட்டரைக் கழுத்தருகே கொண்டுவந்ததும் வால்வு மெல்லக் கேட்டது. "அண்ணே, இந்தத் தடவையாவது உள்ளதைச் சொல்லேன். என்னால முடியல."

"உள்ளதைத்தான் சொல்றேன். இப்ப உன்கிட்டருந்து ஒண்ணுமே வரலையே," என்றது மீட்டர் அலுப்போடு.

"நாளைக்குக் குழாயைத் திறந்துடுவாங்க. அப்ப வந்து பாரு."

"நாளைக்கு என்னைப் பெட்டியில வச்சுப் பூட்டிடுவாங்க. இனி அடுத்த வருஷம்தான்."

"அப்ப எனக்குப் புது வாஷர்?"

"கசியாத வால்வுக்கு எதுக்குப்பா வாஷர்னு கேப்பாங்க."

அளவு எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்தார். "சைபர்! இருக்கிறதுலயே தங்கமான வால்வு இதுதான் சார்," என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வால்வின் கழுத்தில் ஒரு பச்சை அட்டையைக் கட்டினார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

மறுநாள் குழாயைத் திறந்தார்கள். துளிக் காற்று இல்லாத உச்சி வெயில். ஆலை முழுவதும் ஓர் இலைகூட அசையவில்லை. அந்தப் பச்சை அட்டை மட்டும் விடாமல் படபடத்துக்கொண்டிருந்தது.