தாய் அச்சு

புருஷன் உலகநாதன் கையில் போனைப் பிடித்தபடி சூளைப் பக்கமிருந்து நடந்து வருவதை வெண்மதி பார்த்தாள்.

ரிப்போர்ட் வந்துவிட்டது.

ஈரம் காயாத பொம்மையின் காதோரம் பிசிறு சீவிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நின்றது.

மகள் வேல்விழிக்கு மூன்று வயது. இன்னும் நிற்கவில்லை. ‘அம்மா’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. குரோமோசோமில் ஒரு துண்டு கூடுதலாக இருக்கிறது என்றார் பாண்டிச்சேரி டாக்டர். பெற்றவர் ஒருவரிடம் வெளியே தெரியாமல் இடம் மாறியிருந்து வந்ததா, தானாக நேர்ந்ததா என்று பார்க்க இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

“அம்மா வழின்னா உங்க கூடப் பொறந்தவங்களையும் பார்த்தாகணும்மா.” அது டாக்டர்.

“அவ வழின்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆத்தா வூட்டுக்கே போவட்டும்.” அது மாமியார் திரௌபதி.

அவர்கள் இருவரும் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியிலும் வழக்கம் அதுதான். பொம்மையில் வேண்டாத புடைப்பு இருந்தால் அச்சைப் பார்ப்பார்கள். அச்சிலும் இருந்தால், அதை வார்த்தெடுத்த தாய் அச்சைப் பார்ப்பார்கள். பிசகு அங்கே என்றால் வேலை நின்றுவிடும். அதிலிருந்து எடுத்த அத்தனை அச்சுகளையும் ஒன்று விடாமல் தடவிப் பார்த்த பிறகுதான் மறு வேலை.

இருபதடி. பத்தடி. அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என் வழிதான், புள்ள.”

அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்கே வெட்கமாகவும் இருந்தது.

அவன் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டான். “எங்கிட்டேருந்துதாம்மா வந்துருக்குது. இனிமே அவள ஒரு வார்த்த பேசக் கூடாது, ஆமா!” பக்கத்து மேசை பானுமதிக்கும் கேட்கிற சத்தத்தில்.

சூளையிலிருந்து மேஸ்திரி கூப்பாடு போட்டார். போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினான்.

வெண்மதி மண் ஒட்டாத சுண்டுவிரலால் ரிப்போர்ட்டைத் திறந்தாள். பிளஸ் டூ இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. கடைசியில் இரண்டே வரி.

தந்தை: இல்லை.

தாய்: உண்டு.

உலகநாதன் ஐ.டி.ஐ. முடித்தவன். தப்பாகப் படிக்கிற ஆள் இல்லை.

இடுப்பில் செருகியிருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து தங்கை சௌந்தர்யா. திரௌபதியின் அண்ணன் மகனைக் கட்டியவள். அந்த வீட்டில் ஒன்று தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் இங்கே மாமியாருக்குத் தெரிந்துவிடும்.

நிமிர்ந்தாள். சூளை வாசலில் உலகநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

எடுத்தாள்.

“அக்கா, மாமா வழிதானாமே! இப்பதான் ஒங்க மாமியாரு போன் பண்ணாங்க. நான் பயந்தே செத்துட்டேன்க்கா. இனிமே என் வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் இல்லல்ல? நாளைக்கு அந்தப் பாண்டி டாக்டரப் பார்க்கறத வேணாம்னு சொல்லிடவா?”

வெண்மதி புருஷனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“சௌந்தர்யா... மொதல்ல நீ உக்காரு.”