இடப்பக்கத் திருப்பம்

இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் ஜீப்பின் முன்பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். மெக்கானிக் செபாஸ்டின் பேரிங்கை மாற்றினார், ஆக்சில் ஜாயின்ட்டை மாற்றினார், ஃபோர் வீல் கியரை எடுத்துவிட்டும் பார்த்தார். அவர் ஓட்டினால் ஒன்றுமில்லை. எஸ்டேட் சூப்பர்வைசர் வேலப்பன் ஓட்டினால் டக்.

சத்தம் தேட செபாஸ்டினிடம் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் உண்டு. முனையை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். ஜீப் முழுக்கக் கேட்டு அலுத்தவர், கடைசியில் முனையை வேலப்பனின் நெஞ்சில் வைத்தார்.

"இடது பக்கம் திரும்புங்க."

வேலப்பன் நின்ற இடத்திலேயே திரும்பினார்.

டக்.

செபாஸ்டினுக்கு ஸ்க்ரூடிரைவரை எடுக்கவும் தோன்றவில்லை.

"கண்டுபிடிச்சாச்சாண்ணே?" என்றார் வேலப்பன். "எதை மாத்தணும்?"