சுகந்தியின் மழை

சுகந்தி வீடியோ கேமில் வளர்த்த ஆறு பூதங்களும் மழைக்காகவே தேர்ந்தெடுத்தவை. முதலில் தவளை இறங்கும். அது இறங்கியதுமே திரை முழுக்க மழை பிடித்துக்கொள்ளும். அந்த மழையில்தான் மற்ற ஐந்துக்கும் வேகம் வரும். அவள் தம்பி பிரசன்னாவை எதிர்த்துக் அவளும் கணவன் தாமோதரனும் ஜோடி சேரும்போதெல்லாம், "இன்னைக்காவது என் மழையில ஆடுங்களேன்" என்பாள். தாமோதரன் தலையாட்டிவிட்டுத் தன் தீ கக்கும் கோழியை இறக்குவான். வெயில் அடிக்கும், மழை நிற்கும், இருவரும் தோற்பார்கள். "உங்களோட சேர்ந்தேன் பாருங்க" என்று அவள் சிரிப்பாள். அவள் இறந்துபோன பிறகு, இன்றுதான் அவளுடைய பூதங்களை அவன் தனியாகக் களத்தில் இறக்கினான். தவளை வந்தது, மழையும் வந்தது. ஆனால் அந்த மழைக்கு ஆயுள் குறைவு. அவன் பட்டனை அழுத்தி ஆடும் ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் தீரும். இன்னும் ஒரு சுற்றுதான் மிச்சம். எதிரே பிரசன்னாவின் கடைசிப் பூதம் குற்றுயிராகக் கிடந்தது.

"ஒரே அடிதான் மாமா, ஜெயிச்சிட்டீங்க. அக்காகூட என்னை இவ்வளவு சீக்கிரம் முடிச்சதில்ல. அழுத்துங்க."

தாமோதரன் பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுத்தான்.

"என்ன மாமா?"

"அழுத்தினா நின்னுடும்டா."

பிரசன்னா திரையைப் பார்த்தான். பிறகு தன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தவளை அசையாமல் நனைந்துகொண்டிருந்தது.