தொடாத பந்து

சாயங்கால வெயிலில் காற்றாலை இறக்கைகளின் நிழல் ராதாபுரத்து மைதானத்தை வழித்து வழித்துப் போகிறது. மாவட்ட வாலிபால் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். செட்டருக்கு ஒரே இடம்தான். பின்னாலிருந்து வரும் பந்தை அடிக்கிறவளுக்குத் தூக்கிக் கொடுக்கும் அந்த வேலைக்கு இஷ்ரத் ஆடுகிறாள். காற்று இழுத்துக்கொண்டு போகிற பந்தையெல்லாம் விழுந்து புரண்டு எடுத்ததில் முட்டி இரண்டும் உரிந்து, ரத்தத்தில் செம்மண் அப்பியிருக்கிறது. போட்டிக்கு நிற்கும் விஜயஸ்ரீ ஆடி முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை. தேர்வாளர் பூதலிங்கத்தின் மடியிலிருக்கும் டேப்லெட்டில், தொட்ட பந்தில் சரியாகத் தூக்கிக் கொடுத்தது அவளுக்கு எண்பது சதவீதம், இஷ்ரத்துக்கு ஐம்பத்திரண்டு. “தள்ளி வந்த பந்துக்கு அவ நின்ன எடத்த விட்டு அசையவே இல்லியே சார்” என்கிறாள் இஷ்ரத். “நீ ஓடிப்போயி எடுத்துக் குடுத்ததுல பாதி வீணாப் போச்சுல்லா, அதெல்லாம் உன் கணக்குல ஏறும். அவ தொடாத பந்துக்கு இதுல கணக்கே கெடையாது. நான் என்னம்மா செய்ய?” அவர் குரலில் கோபம்கூட இல்லை. முட்டியைவிட அதுதான் எரிகிறது.

விசில் சத்தம் கேட்கிறது. பின்னால் நிற்கிறவள் கையில் பட்ட பந்து கோணிக்கொண்டு கம்பிவேலிப் பக்கம் போகிறது. இஷ்ரத்தின் வலது கால் தானாக ஓர் அடி வைத்து, குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றுவிடுகிறது. ஓடினால் எட்டியிருக்கும் பந்து விழுந்து, உருண்டு, ஓய்கிறது. எப்படியும் கொடுத்துவிடுவாள் என்று நம்பிப் பந்தை அடிக்க வலையருகே ஓடிவந்த முப்பிடாதி, தூக்கிய கையை இறக்காமல் அவளையே பார்க்கிறாள். டேப்லெட்டில் ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டாகவே நிற்கிறது.