கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி

"இது ஒத்துவராதுக்கா. லீவு முடியறதுக்குள்ள குழந்தைகள் இல்லத்துல போய்ச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டுப் புதியவள் தலையைக் குனிந்துகொண்டாள். தையல் கடையின் பின்னறை அது. விடுமுறைக்காகக் கடையை மூடியிருந்தார்கள். கொடியில் தொங்கிய வெள்ளைத் திரைத்துணிகள் மின்விசிறிக் காற்றில் மெல்ல எழும்பித் தாழ்ந்தன. ஜன்னல் வழியே வந்த பிற்பகல் வெயில் அவற்றில் பட்டு, அறை முழுக்கப் பால் கலந்தாற்போல் ஒரு வெளிச்சம். அதற்குள் உட்கார்ந்தால் மேகத்துக்குள் உட்கார்ந்து கூட்டம் போடுகிற மாதிரிதான் இருக்கும்.

கூட்டமென்றால் பெரிய கூட்டமில்லை, மூன்றே பேர். பிள்ளை தத்தெடுத்த குடும்பங்கள் சில, விடுமுறை முடியும்வரை வாரம் ஒருமுறை இந்தக் கடையில் கூடும். ஊரே சொந்தபந்தத்தோடு கூடிச் சிரிக்கிற நாட்களில்தான் இந்த மாதிரி வீடுகளுக்கு மனசு தடுமாறும். யாராவது விருந்தாளி வந்து, மூக்கு யார் சாயல் என்று கேட்டுத் தொலைப்பார். அப்போது ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. மாடியில் ஒரு குழு, கீழே ஒரு குழு. மாடியில் வெறும் சிரிப்பும் கூச்சலும்தான், உருப்படியான பேச்செல்லாம் கீழேதான் நடக்கிறது என்பது தலைவியின் அபிப்பிராயம்.

தலைவி என்று அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஐந்து வருட அனுபவம் என்று அவளே சொல்லிக்கொண்டு, இருப்பதிலேயே உயரமான துணிமூட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பக்கத்து மூட்டையில் சுருட்டைமுடிக்காரன். அவனுக்கு மூன்று வருடம். புதியவளுக்கு மூன்றே மாதம்.

"என்ன நடந்ததுன்னு முதல்லேருந்து சொல்லு" என்றாள் தலைவி.

சொன்னாள். வீட்டில் ரெண்டு பேரும் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லையாம். நாலைந்து தடவை எழுந்து வந்து, இவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம். கடைத்தெருவுக்குப் போனால் ஆளுக்கொரு பக்கம் இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார்களாம். இவள் லேசாக முகத்தைச் சுளித்தால் போதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வாசல் மணி அடித்தால், இல்லத்து ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று முகம் வெளுத்துப் போகிறது. நேற்று ஒரு கிண்ணம் கைதவறி உடைந்ததற்கு அரைமணி நேரம் மன்னிப்பு. அதற்கப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகை. தண்ணீர்ச் சத்தத்தில் இவளுக்குக் கேட்காது என்று நினைப்பு.

சுருட்டை உச்சுக் கொட்டினான். அவனுக்கு வாய்த்தது ஒன்றுதான். அந்த ஒன்றைப் பழக்குவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிட்டதாம். பள்ளிக்கூட வாசலில் தினமும் கண்ணீர். இப்போதுதான் கையசைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற அளவுக்குத் தேறியிருக்கிறது.

"அதெல்லாம் பரவாயில்லக்கா" என்றாள் புதியவள். "இவ்வளவு பாசத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல. நாளைக்கு அவங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிட்டா? அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிட்டா நல்லதில்லையா?"

அழுகை வந்துவிட்டது. கைக்கு எட்டிய துணியை இழுத்தாள். இந்தக் கூட்டத்தில் அழுவதற்குத் தடையில்லை. ஆனால் அது யாரோ ஒரு வாடிக்கையாளரின் படுக்கையறைத் திரை. தலைவி அதை மெதுவாகப் பிடுங்கிக்கொண்டு, வெட்டி எறிந்த துண்டு ஒன்றைக் கொடுத்தாள்.

"பெட்டி எங்க இருக்கு?"

"எந்தப் பெட்டி?"

"இல்லத்துலேருந்து வந்தப்ப துணியெல்லாம் வெச்சுக் குடுத்தாங்கல்ல, அது."

"கட்டிலுக்கு அடியில. வந்த அன்னிக்கு வெச்சது. அப்புறம் யாரும் தொடல."

"அதான் பார்த்தேன். மூட்டை கட்டி வெச்சமாதிரி அது அங்க கிடந்தா அந்த வீட்டுல யாருக்குத் தூக்கம் வரும்? இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்து அலமாரியில அடுக்கு. அப்புறம் ஒருநாள் நல்லா ஒரு சண்டை போடு."

"சண்டையா?"

"ஆமா. சண்டை போட்டும் மறுநாள் காலையில எல்லாரும் அதே வீட்டுல உக்காந்து பல்லு தேய்ச்சாத்தான், இது நெஜம்னு நம்புவாங்க."

மின்விசிறி கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் இப்போது ஜன்னலிலிருந்து இறங்கி, தரையில் கிடந்த நூல்கண்டுகளின் மேல் வந்து நின்றது. புதியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லவேண்டிய வார்த்தைகளை மூன்று நாட்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதில் பாதி இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மாடிப்படியில் தயங்கித் தயங்கி வரும் காலடிச் சத்தம். திரைத்துணிகளுக்கு நடுவிலிருந்து இரண்டு முகங்கள் எட்டிப் பார்த்தன.

"பாரு, அதுக்குள்ள தேடிக்கிட்டு வந்தாச்சு" என்று தலைவி முணுமுணுத்தாள்.

ரெண்டு பேரும் உள்ளே வரவில்லை. வரலாமா என்று கேட்கவும் பயம். புதியவளின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தரைக்கு எட்டாத கால்களை அதுவரை ஆட்டிக்கொண்டிருந்த புதியவள், மூட்டையிலிருந்து பொத்தென்று குதித்து ஓடி, காதோரம் நரைத்த அந்த மனிதரின் விரலை ஒரு கையிலும் பக்கத்தில் நின்ற பெண்ணின் விரலை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டாள்: "அம்மா, வீட்டுக்குப் போனதும் என் பெட்டியில இருக்கிற துணியெல்லாம் அடுக்கணும். அலமாரியில எனக்கு எந்தத் தட்டு?"

நேற்று விழுந்த பல்லின் இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே தலைவி, சுருட்டையின் காதில் சொன்னாள்: "இன்னிக்கு ரெண்டு பேரும் நல்லாத் தூங்குவாங்க."